மாருதி 800 எத்தனை மீட்டரில் நிற்கும்?

எங்கள் தெருவில் ஒரு பழைய மாருதி 800 விலைக்கு வந்தது. பார்க்க வந்தவர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சின்ன வண்டி, வெயிட்டே இல்ல, சட்டுன்னு நின்னுடும்" என்றார். கூட வந்தவர், "ஏபிஎஸ் இல்லாத வண்டி எப்படிங்க நிக்கும்? பழைய வண்டிக்கெல்லாம் பிரேக்கே கிடையாது" என்றார். டீ கொண்டுவந்தவர் தன் பங்குக்கு, "பின்னாடி டிரம்மைக் கழட்டிட்டு டிஸ்க் போட்டுட்டா நச்சுன்னு நிக்கும்" என்றார். மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையக் குழப்பமும் இருக்கிறது. அந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

எடுத்துக்காட்டாக மாருதி 800-ஐயே வைத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் வந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. சுமார் 650 கிலோ எடை, 12 அங்குலச் சக்கரம், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக், சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. இன்னும் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே சொல்வதெல்லாம் பழைய ஜென், சான்ட்ரோ வகையறாக்களுக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

நிற்கும் தூரம் என்பது இரண்டு தூரம்

அடுப்பில் பால் பொங்குவதற்கும் நீங்கள் ஓடிப்போய் அடுப்பை அணைப்பதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது இல்லையா? பார்க்க வேண்டும், புரிய வேண்டும், கை போக வேண்டும். அதற்குள் பால் பாதி வழிந்திருக்கும். அடுப்பு எவ்வளவு நல்ல அடுப்பு என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

வண்டியிலும் அப்படித்தான். ஒரு நாய் குறுக்கே வந்ததிலிருந்து உங்கள் கால் பிரேக்கை அழுத்தும்வரை வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது. அந்தத் தூரத்துக்கு எதிர்வினைத் தூரம் என்று பெயர். பிரேக் பிடிக்கத் தொடங்கியதிலிருந்து வண்டி முழுதாக நிற்கும்வரை போகும் தூரம், பிரேக் தூரம். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் நிற்கும் தூரம்.

"என் வண்டி 20 மீட்டர்ல நிக்கும்" என்று யாராவது சொன்னால், அவர் பெரும்பாலும் பிரேக் தூரத்தை மட்டும் சொல்கிறார். கால் போன நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கவனமாக ஓட்டுகிற ஒருவருக்கு எதிர்பாராத ஒன்றைப் பார்த்து காலை வைக்க ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த நல்ல தார் ரோட்டில், ஒழுங்காகப் பராமரித்த பழைய சின்ன கார் ஒன்று, பலமாக பிரேக் பிடித்தால், ஒவ்வொரு வினாடிக்கும் சுமார் 25 கி.மீ. வேகத்தை இழக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது 100-இல் வந்தால் நான்கு வினாடியில் நிற்கும்.

அப்படியானால், 40 கி.மீ. வேகத்தில் எதிர்வினைத் தூரம் 17 மீட்டர், பிரேக் தூரம் 9 மீட்டர். 60-இல் 25 மீட்டரும் 20 மீட்டரும், மொத்தம் 45. 80-இல் 33-உம் 36-உம் சேர்ந்து கிட்டத்தட்ட 69 மீட்டர். 100-இல் 42-உம் 55-உம், மொத்தம் 97.

40-இல் போகும்போது பிரேக்கைவிட உங்கள் கால் தாமதம்தான் அதிகத் தூரத்தைத் தின்கிறது. ஊருக்குள் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவருக்கு உலகத்திலேயே சிறந்த பிரேக்கைப் பொருத்திக் கொடுத்தாலும் பெரிய பயன் இல்லை.

வேகம் கொஞ்சம் கூடினால் தூரம் ஏன் இவ்வளவு கூடுகிறது?

மேலே உள்ள எண்களை இன்னொரு முறை பாருங்கள். 40-இலிருந்து 80-க்குப் போனபோது எதிர்வினைத் தூரம் இரண்டு மடங்குதான் ஆனது. பிரேக் தூரமோ 9-இலிருந்து 36-க்குப் போய்விட்டது, நான்கு மடங்கு. இது பிரேக்கின் குறையில்லை. ஓடும் பொருளிடம் இருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் 2 மடங்கானால் ஆற்றல் 4 மடங்கு, 3 மடங்கானால் 9 மடங்கு.

அந்த ஆற்றல் எங்கே போகிறது? காற்றில் கரைவதில்லை, வெப்பமாக மாறுகிறது. பிரேக்கின் வேலையே அதுதான்: ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஆட்களோடு சேர்த்து 900 கிலோ எடையுள்ள ஒரு 800, 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒரே ஒரு முறை நிற்கும்போது வெளியாகும் வெப்பம், ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கேஸ் அடுப்பில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். பிரேக் அதை நான்கு வினாடியில் செய்துவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கே கணக்குப் போட்டபோது நம்ப முடியவில்லை. ஒரே மாதிரி இரண்டு 800. ஒன்று 60-இல் வருகிறது, இன்னொன்று 80-இல். இரண்டு ஓட்டுநர்களும் ஒரே இடத்தில் மாட்டைப் பார்க்கிறார்கள், ஒரே மாதிரி பிரேக் பிடிக்கிறார்கள். 60-இல் வந்த வண்டி மாட்டுக்கு முன்னால் சரியாக நின்றுவிடுகிறது. அதே இடத்தை 80-இல் வந்த வண்டி தாண்டும்போது அதன் வேகம் என்ன? "20 கி.மீ. இருக்கும்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். சுமார் 65 கி.மீ. வேகத்தில் அது மாட்டின்மேல் மோதுகிறது.

சரி, இதுவரை பார்த்தது: நிற்கும் தூரத்தில் பாதி உங்கள் கையில், மன்னிக்கவும், உங்கள் கண்ணிலும் காலிலும் இருக்கிறது. மீதிப் பாதி வேகத்தின் வர்க்கத்தில் வளர்கிறது. இன்னும் பிரேக் என்கிற சாமானைப் பற்றிப் பேசவே இல்லை.

உண்மையில் வண்டியை நிறுத்துவது எது?

பிரேக் சக்கரத்தை நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள பிடிமானம், மெக்கானிக்குகள் "கிரிப்" என்பார்களே அது. சந்தேகம் இருந்தால் எண்ணெய் கொட்டிய தரையில் ஓடி வந்து காலை ஊன்றிப் பாருங்கள். கால் நின்றுவிடும், நீங்கள் நிற்க மாட்டீர்கள்.

ஒரு டயர் எந்த நேரத்திலும் ரோட்டைத் தொடுகிற பரப்பு சுமாராக உங்கள் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கைகள். 100 கி.மீ. வேகத்தில் ஒரு குடும்பம் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது.

இந்தப் பிடிமானத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டி அழுத்தினால் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு, ரோட்டில் தேய்த்துக்கொண்டே போகும். இதைத்தான் வீல் லாக் ஆவது என்கிறோம். லாக் ஆனால் நன்றாக நிற்கும் என்று தோன்றும், நடப்பது வேறு. வீட்டில் பீரோவைத் தள்ளிப் பார்த்திருப்பீர்கள். முதலில் அசைக்கத்தான் முழு பலமும் வேண்டியிருக்கும். ஒருமுறை நகர ஆரம்பித்துவிட்டால் சுலபமாக வழுக்கிக்கொண்டு போகும். நிற்கும் பொருளுக்கு உள்ள பிடி, வழுக்கும் பொருளுக்கு இல்லை. சுற்றுகிற டயரின் அடிப்பாகம் ரோட்டைத் தொடும் அந்தக் கணத்தில் ஏறக்குறைய நிற்கிறது, அதனால் பிடி அதிகம். லாக் ஆன டயர் வழுக்குகிற பீரோ.

அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. லாக் ஆன முன்சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும்.

"சின்ன வண்டி, வெயிட் இல்லை"

இப்போது முதல் ஆள் சொன்னதற்கு வருவோம். எடை குறைந்த வண்டி சீக்கிரம் நிற்குமா?

எடை கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் கூடுகிறது, உண்மை. ஆனால் எடை கூடினால் டயர் ரோட்டை அழுத்துவதும் கூடுகிறது, அதனால் பிடிமானமும் கூடுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் போய்விடும். பிடிமானத்தின் உச்சம்வரை பிரேக் பிடிக்க முடிகிற வண்டி என்றால், 650 கிலோ காரும் 1,300 கிலோ காரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் நிற்கும். நம்ப மறுக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு.

அந்த "பிடிக்க முடிகிற" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. 800-இல் தனியாகப் போகும்போது பிரேக் நன்றாக இருக்கிறது. அதே வண்டியில் ஐந்து பேரையும் ஊர்ப் பையையும் ஏற்றினால், சக்கரத்தை அந்த உச்சத்துக்குக் கொண்டுபோக பெடலை இன்னும் பலமாக மிதிக்க வேண்டும். வழக்கமான அழுத்தத்தையே கொடுத்தால் வண்டி தூரமாகப் போய் நிற்கும். வெளியேற வேண்டிய சூடும் கூடும். ஆக, சின்ன வண்டிக்கு எடை ஒரு வரமும் இல்லை, சாபமும் இல்லை. அதற்குப் பழக்கமில்லாத எடையை ஏற்றினால்தான் தொந்தரவு.

காலிலிருந்து சக்கரம்வரை

ஊசி போடுகிற இரண்டு சிரிஞ்சுகளை ஒரு குழாயால் இணைத்து, தண்ணீர் நிரப்பி, ஒன்றை அழுத்தினால் மற்றது வெளியே வரும். பள்ளியில் செய்து பார்த்திருப்பீர்கள். அழுத்தும் சிரிஞ்சு சிறியது, மறுமுனைச் சிரிஞ்சு பெரியது என்றால் மறுமுனையில் விசை பெருகிக் கிடைக்கும். கார் பிரேக் இதேதான். நீங்கள் மிதிக்கும் பக்கத்துச் சிரிஞ்சுக்கு மாஸ்டர் சிலிண்டர் என்று பெயர். குழாயில் இருப்பது பிரேக் ஆயில். பெயர்தான் ஆயில், எஞ்சின் ஆயிலுக்கும் அதற்கும் உறவே இல்லை. மறுமுனையில் டிஸ்க் என்றால் காலிபர் என்கிற கவ்வி பேடை அழுத்தும், டிரம் என்றால் வீல் சிலிண்டர் ஷூவைத் தள்ளும். பேடும் ஷூவும் என்ன என்பதைக் கீழே பார்ப்போம்.

திரவத்தை அமுக்கிச் சிறிதாக்க முடியாது, காற்றை முடியும். அதனால்தான் குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்தால் பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி உள்ளே போகிறது. மெக்கானிக் "ஏர் எடுக்கணும்" என்பது அந்தக் குமிழிகளை வெளியேற்றுவதைத்தான்.

பூஸ்டர் என்று ஒன்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு உங்கள் காலுக்கு உதவி செய்யும் டப்பா அது. "பவர் பிரேக்" என்ற பெயரைக் கேட்டு, வண்டி குறைந்த தூரத்தில் நிற்கும் என்று நினைக்கிறார்கள். பூஸ்டர் டயரின் பிடியைக் கூட்டாது. காலுக்கு வேலையைக் குறைக்கும், அவ்வளவுதான். பூஸ்டர் இல்லாத பழைய வண்டியும் முழுப் பலத்தோடு மிதித்தால் சக்கரத்தை லாக் பண்ணும். ஆனால் அவசரத்தில் முழுப் பலத்தோடு மிதிக்க எல்லோருக்கும் வராது.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டுகிற வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது, இன்றும் சிலரிடம் இருக்கிறது. பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சினை அணைத்தால் சேமித்த வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். மிச்சம் பிடித்த பெட்ரோல் எத்தனை ரூபாய்க்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிரம் என்றால் மட்டமா?

டிஸ்க் பிரேக் என்பது சைக்கிள் ரிம்மை இரண்டு பக்கமும் ரப்பர் கட்டை கவ்வுகிற மாதிரி. சுற்றும் வட்டத் தகட்டை இரண்டு பேடுகள் நடுவில் கவ்விப் பிடிக்கும். டிரம் என்பது சுற்றும் ஒரு பாத்திரத்துக்குள் இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து, உள்சுவரை அழுத்துவது. அந்தக் கட்டைகள்தான் ஷூ.

டிரம்முக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. சுற்றும் பாத்திரம் ஷூக்களில் ஒன்றைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும். கொஞ்சம் மிதித்தாலே நிறையப் பிடிக்கும். பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம்தான், பூஸ்டர் இல்லாமலே நின்றன. ஆகவே குளிர்ந்த, காய்ந்த நிலையில் ஒரே ஒரு முறை நிறுத்திப் பார்த்தால் டிரம் தோற்காது. இரண்டுமே சக்கரத்தை லாக் பண்ணும் அளவுக்கு வலுவானவை, அதற்குமேல் தீர்மானிப்பது டயர்.

பிறகு ஏன் முன்னால் மட்டும் டிஸ்க்? பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சாய்கிறோம். கார் முழுவதும் அப்படித்தான் சாய்கிறது, மூக்கு அமுங்கி வால் தூக்கிக்கொள்கிறது. எடை முன்சக்கரங்களுக்குப் போய்விடும். எஞ்சினும் முன்னால் இருக்கிற 800 மாதிரி வண்டியில், பலமாக பிரேக் பிடிக்கும்போது முக்கால் பங்குக்குக் கிட்ட வேலையை முன்சக்கரங்களே செய்கின்றன. சூடும் அங்கேதான். எனவே சூட்டைத் தாங்குகிற டிஸ்க் முன்னால், குறைந்த வேலைக்கு டிரம் பின்னால். கஞ்சத்தனமும் அதில் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் கணக்கு சரியான கணக்குதான்.

பின்னால் டிஸ்க் மாற்றச் சொன்ன டீ அண்ணனுக்குப் பதில் இதுதான்: பின்சக்கரம் எடை குறைந்து நிற்கும் நேரத்தில் அதற்கு அதிக பிரேக் கொடுத்தால் அது முன்சக்கரத்துக்கு முன்பே லாக் ஆகும். பின்சக்கரம் முதலில் லாக் ஆன கார், பம்பரம் மாதிரித் திரும்பிவிடும். கம்பெனி முன்னும் பின்னும் எவ்வளவு பங்கு என்று பார்த்து வைத்திருப்பதை, கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று கலைக்காதீர்கள்.

சுருக்கமாக: கால் அழுத்தம் திரவத்தின் வழியாகப் பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது. பூஸ்டர் காலுக்கு உதவி. டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் முதல் மிதியில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தெரிவது பத்தாவது மிதியில்.

பத்தாவது மிதி

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சில வருடங்களுக்கு முன் நான்கு பேராக என் 800-இல் இறங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக் பிடித்துக்கொண்டே வந்தேன். பாதிக்குக் கீழே வந்தபோது ஒரு வாசனை, கருகின மாதிரி. அடுத்த இரண்டு வளைவு தாண்டியதும் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. இன்னும் ஒன்று தாண்டியதும் ஏறக்குறையத் தரையைத் தொட்டது. இரண்டாவது, முதல் கியர் என்று இறக்கி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, ஓரமாக நிறுத்தினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெடல் ஒன்றும் தெரியாத மாதிரி பழைய இடத்திலேயே நின்றது. மறுநாள் காட்டியபோது மெக்கானிக், "எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

நடந்தது இதுதான். ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து 900 கிலோ வண்டி இறங்குகிறது என்றால், அது இழக்கும் ஆற்றல் சுமார் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். ஒன்றரைத் தண்ணீர் கேன். அதில் காற்றுத் தடையும் எஞ்சினும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி அத்தனையும் பிரேக்கில் இறங்குகிறது. 12 அங்குலச் சக்கரத்துக்குள் அடங்குகிற சின்னத் தகட்டுக்கும் சின்னப் பாத்திரத்துக்கும் அந்தச் சூட்டைக் காற்றில் விடப் போதிய நேரம் இல்லை.

சூடேறினால் மூன்று விஷயங்கள் நடக்கலாம். பேடும் ஷூவும் ஒரு அளவுக்குமேல் சூடானால் அவற்றின் பிடி குறைகிறது. பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி நிற்காது. அடுத்தது டிரம்முக்கே உரியது: இரும்புப் பாத்திரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போகும், ஷூ இன்னும் அதிக தூரம் விரிய வேண்டியிருப்பதால் பெடல் ஆழமாகப் போகும். டிஸ்க் விரிந்தால் பேடை நோக்கித்தான் விரியும், அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. சூட்டால் பிரேக் மங்கிப்போகிற இந்த இரண்டுக்கும் சேர்த்து ஃபேடு என்று பெயர்.

மூன்றாவதுதான் எனக்கு நடந்தது. பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. இந்தத் திரவம் காற்றில் உள்ள ஈரத்தை மெதுவாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி மாதிரி. டாட் 3 என்ற தரத்துத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரிவரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இவை 230, 155. கொதித்தால் ஆவிக் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் உள்ளே போகும். ஆறியதும் குமிழி மறுபடி திரவமாகிவிடும், தடயமே இருக்காது. அதனால்தான் மெக்கானிக் கண்ணுக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் திரவத்தை நான் வண்டி வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். குறைந்தால் ஊற்றுவதும் மாற்றுவதும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

மலைப்பாதையில் "இரண்டாவது கியரில் இறங்கவும்" என்று பலகை வைப்பது இதற்குத்தான். கீழ் கியரில் விட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்கும், அந்த ஆற்றலைப் பிரேக்குக்குப் பதில் எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் அத்தனையும் பிரேக் தலையில். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள், அதுவும் செங்குத்தாக. அங்கே முதல் கியரில் இறங்குவதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஏபிஎஸ் என்ன செய்கிறது?

சக்கரம் லாக் ஆகப் போகிறது என்று உணர்ந்ததும், வினாடிக்குப் பல முறை பிரேக்கைக் கொஞ்சம் விட்டு மறுபடி பிடிக்கும் அமைப்பு ஏபிஎஸ். பாஷ் நிறுவனம் 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் இதைக் கொண்டுவந்தது. இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான்.

ஏபிஎஸ் பிரேக் தூரத்தைக் குறைக்க வந்தது என்று நினைக்கிறோம். அதன் முதல் வேலை, பலமாக பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்க வைப்பது. காய்ந்த ரோட்டில் கைதேர்ந்த ஓட்டுநர் ஏபிஎஸ் இல்லாமலே கிட்டத்தட்ட அதே தூரத்தில் நிறுத்துவார். ஈர ரோட்டில், பதற்றத்தில், நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு ஏபிஎஸ் பெரிய உதவி. பரல் கொட்டிய மண் ரோட்டில் ஏபிஎஸ் உள்ள வண்டி இன்னும் தள்ளிப்போய் நிற்பதும் உண்டு, ஏனென்றால் லாக் ஆன சக்கரம் மண்ணை முன்னால் குவித்து அதையே தடுப்பாக்கிக்கொள்ளும்.

800 ஓட்டுகிறவருக்கு அந்த வேலையைக் கால்தான் செய்ய வேண்டும். உடனே, ஆனால் அடித்து மிதிக்காமல், அழுத்தத்தை வேகமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். டயர் கத்த ஆரம்பிக்கும் இடம்தான் உச்சத்துக்குப் பக்கம். வழுக்கிவிட்டால் ஒரு நூல் அளவு விட்டு மறுபடி அழுத்த வேண்டும். படபடவென்று பம்ப் அடிப்பது இதற்கு மாற்று ஆகாது, ஒவ்வொரு முறை கால் முழுதாக மேலே வரும்போதும் வண்டி பிரேக்கே இல்லாமல் ஓடுகிறது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: சக்கரம் லாக் ஆகியிருக்கும்போது ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வைத்துக்கொண்டு பிரேக்கை விட்டால், பிடி திரும்பக் கிடைத்த கணத்தில் வண்டி அந்தப் பக்கம் பாய்ந்துவிடும்.

புதிய காருக்குப் பின்னால் பழைய கார்

புதிய டயரும் ஏபிஎஸ்ஸும் உள்ள இன்றைய கார் ஒன்று வினாடிக்கு 32 கி.மீ. வேகத்தை இழக்கும் என்று வைத்தால், 60-இலிருந்து அதன் பிரேக் தூரம் சுமார் பதினைந்தரை மீட்டர். நம் 800-க்கு 20. வித்தியாசம் நாலரை மீட்டர், ஒரு 800-இன் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். 100-இலிருந்து என்றால் 43-உம் 55-உம்.

"ரெண்டு செகண்ட் இடைவெளி விட்டா போதும்" என்பார்கள். 100 கி.மீ. வேகத்தில் இரண்டு வினாடி என்பது 56 மீட்டர். முன்னால் போகும் புதிய கார் திடீரென்று பிரேக் போட்டால், உங்கள் ஒன்றரை வினாடித் தாமதம் அதில் 42 மீட்டரைத் தின்றுவிடும். மீதி 14. பிரேக் தூர வித்தியாசம் இன்னும் 12-ஐத் தின்னும். கடைசியில் இரண்டு வண்டிக்கும் நடுவில் மிஞ்சுவது இரண்டு மீட்டருக்கும் குறைவு, அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். நான் நான்குவழிச் சாலையில் மூன்று வினாடி விடுகிறேன். அந்த இடைவெளியில் யாராவது நுழைவார்கள், நுழையட்டும், மறுபடி பின்தங்கிக்கொள்கிறேன்.

மழையும் டயரும்

ஈர ரோட்டில், தேய்ந்த டயரோடு, பிடிமானம் பாதியாகக்கூட இறங்கலாம். அப்போது 60 கி.மீ. வேகத்தில் பிரேக் தூரம் 20 மீட்டரிலிருந்து 40 ஆகும். கோடைக்குப் பிறகு வரும் முதல் மழையில் இன்னும் கவனம் வேண்டும், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும். தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் நீர் புகுந்து சிறிது தூரம் பிரேக் பிடிக்காது. பின்னால் யாரும் இல்லாதபோது மெதுவாகப் போய்க்கொண்டே லேசாக பிரேக்கை அழுத்தி உலர்த்திக்கொள்ள வேண்டும்.

டயர் பட்டன்களுக்கு நடுவில் உள்ள பள்ளங்கள் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளத்தான். கார் டயரில் அந்தப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்ற வேண்டும் என்பது சட்டம். பள்ளத்துக்குள்ளேயே சின்ன மேடுகள் வைத்திருப்பார்கள், பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அது மொட்டை டயர் கணக்குதான்.

பழைய சின்ன கார்களில் நான் அதிகம் பார்ப்பது மொட்டை டயரை அல்ல. வாரம் ஒருமுறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வருகிற வண்டிகள் இவை. பட்டன் புதிது மாதிரி இருக்கும், ரப்பர் காய்ந்து கட்டையாகியிருக்கும். கட்டையான ரப்பர் ரோட்டை ஒட்டிப் பிடிக்காது, மழையில் சுத்தமாகப் பிடிக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர்.

தெருவில் விலைக்கு வந்த அந்த 800-இல் குனிந்து பார்த்தேன். முன்னால் இரண்டும் 1411. பட்டன் பளபளவென்றுதான் இருந்தது. வாங்க வந்தவரிடம் நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன், நகம் உள்ளே இறங்கவில்லை. விலையில் நான்கு டயர் காசைக் குறைத்துப் பேசி வாங்கிக்கொண்டு போனார். பின்னால் டிரம் அப்படியே இருக்கிறது.